பத்து எண்ணிய பிறகே கை நீட்டவும்

கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்காருவதற்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்து, சான்றிதழும் கொடுக்கிற தொழில் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் தொழில். சிறப்புக் குழந்தைகளுக்கான நர்சரியில் உதவியாளர் வேலை. பெயரில்தான் உதவி இருக்கிறது. பயிற்சி முழுக்க உதவாமல் இருப்பது எப்படி என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்க, உள்ளே பிள்ளை தானே ஷூ மாட்டுவேன் என்று அடம் பிடிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? இல்லை, ஷூவைப் பிடுங்கி நீங்களே மாட்டிவிட்டீர்களா? இரண்டில் எதுவானாலும் நீங்கள் நம்ம கட்சி. அவஸ்தை தெரிந்தவர்களிடம் சொன்னால்தான் எனக்கும் ஆறுதல்.

வெள்ளை ஆறு

இதற்கு முன்னால் தேர்வாய் கண்டிகையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் இருந்தேன். தைல டப்பாவுக்கு மூடி செய்கிற கம்பெனி. பெல்ட்டில் வெள்ளை மூடிகள் வந்துகொண்டே இருக்கும். ஓரம் உடைந்தது, புள்ளி விழுந்தது, கோணலானது எல்லாவற்றையும் பொறுக்கிச் சிவப்புக் கூடையில் போட வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற வேலை. எனக்கோ ஒரு மணி நேரம் போனால் மூடிகள் மூடிகளாகத் தெரியாது. வெள்ளையாக ஒரு ஆறு ஓடும். நான் கரையில் உட்கார்ந்திருப்பேன். மெஷின் சத்தம்கூட மழைச் சத்தமாகிவிடும். சின்ன வயதிலிருந்தே இந்த வியாதி. பால் பொங்கி, அடுப்பு அணைந்து, அம்மா முதுகில் ஒன்று வைத்த பிறகுதான் திரும்பி வருவேன்.

ஒருநாள் ஓரம் உடைந்த மூடிகள் கும்பலாக என்னைத் தாண்டிப் போய், பெட்டியில் ஏறி, லாரியிலும் ஏறிவிட்டன. வேலை போயிற்று. அந்தச் சமயத்தில்தான் புதுவாயலில் இந்தப் பயிற்சி நடப்பதாகக் கேள்விப்பட்டேன். என் வீட்டுக்காரர் யோசித்துவிட்டு ஆறு மாதம் டைம் கொடுத்தார். பாஸ் ஆனால் இந்த வேலை, ஆகாவிட்டால் மறுபடியும் மீஞ்சூர் பஜாரில் நின்று ஏதாவது ஒரு கம்பெனி பஸ் ஏற வேண்டியது. திரும்பவும் ஒரு பெல்ட் முன்னால் நிற்க எனக்கு மனசே இல்லை. இத்தனைக்கும் எங்கள் சூப்பர்வைசர் திட்டக்கூட இல்லை, நல்ல மனிதர். கணக்கு முடித்து அனுப்பும்போது கேட் வரைக்கும் வந்து சொன்னார்:

"பவானி, நீ கண்ண தொறந்துகினே தூங்கற. உன் மேல தப்பு இல்ல. ஆனா அதுக்குன்னு இங்க ஒரு சீட்டு இல்லம்மா."

ஒரே வரிசையில் எட்டு டப்பா

எங்கள் நர்சரி புதுவாயல் கூட்டுரோட்டில், ஒரு டயர் கடைக்குப் பக்கத்தில், ஒரே ஒரு நீளமான ஹால். ஹைவே பக்கமாகப் பெரிய ஜன்னல். பயிற்சிக்கு வந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேருமே கம்பெனிப் பெண்கள். தனம் அக்கா பிஸ்கெட் கம்பெனியில் பேக்கிங்கிலேயே பன்னிரண்டு வருஷம் இருந்தவள். பயிற்சி கொடுத்த கிரேஸ் மிஸ் எங்கள் எல்லாரையும்விட வயதில் சின்னவர். குரலே எழும்பாது.

முதல்நாள் பிள்ளைகளோடு விட்டார்கள். பத்தரை மணிக்கு நாஷ்டா நேரம். யாரும் சொல்லாமலே நாங்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஒருத்தி பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தாள், ஒருத்தி கை கழுவினாள், ஒருத்தி துடைத்தாள், நான் டப்பாக்களைத் திறந்து நகர்த்தினேன், தனம் அக்கா கடைசியில் நின்று ஊட்டினாள். தலைக்கு வலைத்தொப்பி வேறு மாட்டியிருந்தோம், பழக்கதோஷம். எட்டுப் பிள்ளைகளும் பத்தே நிமிடத்தில் சாப்பிட்டு, வாய் துடைத்து, டப்பா மூடி, பைக்குள் போயாகிவிட்டது. மேஜையில் ஒரு பருக்கை கிடையாது. சபாஷ் வாங்கப் போகிறோம் என்று ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். கிரேஸ் மிஸ் எங்களையும் பார்த்தார், பிள்ளைகளையும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ரொம்ப சுத்தமா பேக்கிங் பண்ணிட்டீங்கக்கா. பசங்க இதுல இன்னா பண்ணாங்க?"

கையில் சாக்ஸ்

மறுநாளே பாடம் ஆரம்பித்தது. பிள்ளை ஒரு காரியத்தில் திணறினால், மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். அப்புறம் விரலால் காட்டலாம். இன்னொரு பத்து. அப்புறம் ஒரு வார்த்தை சொல்லலாம். இன்னொரு பத்து. அப்புறம் முழங்கையை லேசாகத் தொடலாம். நாமே செய்து கொடுப்பது கடைசிக்கும் கடைசி. கேட்க எவ்வளவு லேசாக இருக்கிறது! வீட்டில் இன்றைக்கே முயற்சி செய்து பாருங்கள், நாலு எண்ணுவதற்குள் உங்கள் கை உங்களைக் கேட்காமலே கிளம்பிவிடும்.

இதை எங்களுக்குள்ளேயே பழகினோம். ஒருத்தி இரண்டு கையிலும் கம்பளி சாக்ஸ் மாட்டிக்கொண்டு பிஸ்கெட் பாக்கெட் பிரிக்க வேண்டும், இன்னொருத்தி உதவியாளர். சாக்ஸ் முதலில் எனக்கு. பாக்கெட் வழுக்கியது, திருப்பினேன், மறுபடி வழுக்கியது. அப்போதுதான் ஓரத்தில் ஒரு பிடி கிடைத்தது. அதற்குள் தனம் அக்கா வெடுக்கென்று பிடுங்கி, கிழித்து, பிஸ்கெட்டை என் வாயிலேயே வைத்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிஸ்கெட் இனித்தது, கண்ணில் தண்ணீர் நின்றது. என் வயசுக்கு ஒரு பிஸ்கெட் பாக்கெட்டுக்காக அழுவேன் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. பேச்சு வராத பிள்ளை ஏன் டப்பாவைத் தூக்கி அடிக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பிறகு அவள் சாக்ஸ் மாட்டிக்கொண்டாள், நான் எண்ணினேன். நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் ஜன்னல் மூலையில் ஒரு ஒட்டடை இழை மின்விசிறிக் காற்றில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அது ஆடுவது அத்தனை அழகாக இருந்தது. எண்ணிக்கை எங்கேயோ போயிற்று. திரும்பிப் பார்த்தால் தனம் அக்கா பல்லால் கடித்துப் பாக்கெட்டைத் திறந்து, மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறாள். கிரேஸ் மிஸ் என் நோட்டில் ஒரு டிக் போட்டார். தனம் அக்காவுக்குத் தாங்கவில்லை:

"எனுக்கு கைய கட்டிப் போட்டாகூட காலு போயி ஒதவும். நீ எப்டி பவானி, பஸ்ஸுக்கு காத்துகினு கீற மாரியே குந்தினு கீற?"

தாண்டிப் போகிற ரயில்

நான் மீஞ்சூரில் ரயில் ஏறி, கவரப்பேட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் புதுவாயல் போக வேண்டும். பொன்னேரி தாண்டினால் இரண்டு பக்கமும் தண்ணீர் தேங்கின வயல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம். கொக்குகள் அந்த வானத்தின் மேலேயே நடந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே வந்தால் கவரப்பேட்டை எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாது. கும்மிடிப்பூண்டியில் எல்லாரும் இறங்குகிறபோது நானும் இறங்கி, அசட்டுத்தனமாக எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய் நிற்பேன். அங்கே வேர்க்கடலை விற்கிற அம்மா மூன்றாவது தடவை என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு விசாரித்தாள்:

"இன்னாம்மா, வந்து வந்து திரும்பிப் போற, ரயிலு ஒயுங்கா ஓடுதான்னு பாக்குற வேலையா உனுக்கு?"

சுவரில் வந்த வெளிச்சம்

ஆளுக்கு ஒரு பிள்ளை என்று பிரித்தார்கள். எனக்கு வர்ஷினி. ஐந்து வயது. பேச்சு கிடையாது, விரல்களில் பலம் குறைவு, பிடித்ததெல்லாம் நழுவிப்போகும். கிரேஸ் மிஸ் எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான்: கடைசிப் பரீட்சைக்குள் வர்ஷினி தன் டிபன் டப்பாவைத் தானே திறக்க வேண்டும். இரண்டு பக்கமும் கிளிப் வைத்த சாதாரண டப்பா. பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒரு மேடம் வந்து பார்ப்பார். நான் கை வைத்துத் திறந்தால் ஃபெயில். ஃபெயில் என்றால் எனக்குக் கம்பெனி பஸ்.

முதல் வாரம் அவள் டப்பாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பத்தரை மணி வாக்கில் வெயில் ஹைவே மேல் சாய்வாக விழும். பெரிய லாரி போனால் அதன் கண்ணாடியில் பட்டு ஒரு துண்டு வெளிச்சம் ஜன்னல் வழியாக உள்ளே வரும். பச்சைச் சுவரில் மெல்ல நகரும், மீன் படத்தைத் தாண்டும், கடிகாரத்தைத் தாண்டும், மூலைக்குப் போனதும் காணாமல் போகும். வந்த முதல் நாளிலிருந்து நான் அதைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது மூலையில் மறைந்ததும் பார்வையைத் திருப்பினால், வர்ஷினியும் அதே மூலையிலிருந்து பார்வையைத் திருப்புகிறாள். இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டோம். அவள் சிரித்தாள். சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அந்த ஹாலில் அத்தனை பேர் இருந்தும் அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. அடுத்த லாரிக்காகச் சேர்ந்து காத்திருந்தோம்.

தினமும் பிள்ளையைக் கவனித்து நோட்டில் எழுத வேண்டும். 'இன்று சுவரில் ஒன்பது முறை வெளிச்சம் போனது. வர்ஷினி ஒன்பது முறையும் சிரித்தாள். நானும்தான்' என்று எழுதிக் கொடுத்தேன். கிரேஸ் மிஸ் இரண்டு தடவை படித்தார்:

"ரிப்போர்ட்டு கேட்டா கனவ எழுதிகினு வந்துருக்கீங்கக்கா. ஆனா கிழிச்சிடாதீங்க."

நீல வாய்

என் வியாதியைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே போகிறேன் என்று நினைக்காதீர்கள். ஒருநாள் பிள்ளைகள் பிரஷ்ஷில் வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். வர்ஷினி நீலம் தொட்ட பிரஷ்ஷைத் தண்ணீர் டம்ளரில் விட்டாள். நீலம் நூலாகப் பிரிந்து, சுருண்டு, கீழே இறங்கி, புகைபோல விரிந்தது. நானும் கூடவே இறங்கினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. டம்ளர் நகர்ந்ததும் அதன் பின்னாலேயே என் கண்ணும் நகர்ந்தது. அவள் அதை வாயில் வைத்துக் குடிக்கிறாள் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

தனம் அக்கா பாய்ந்து வந்து பிடுங்கினாள். பிள்ளைகளுக்கென்றே செய்த வர்ணம், கெடுதல் இல்லை என்று டாக்டரும் போனில் சொல்லிவிட்டார். வர்ஷினி நீல உதட்டோடு ஜாலியாக இருந்தாள். நான்தான் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். பார்க்கிற வேலையில் இருந்துகொண்டு பார்க்காமல் போனது இது இரண்டாவது தடவை, இந்தத் தடவை தவறவிட்டது மூடி அல்ல, பிள்ளை. கிரேஸ் மிஸ் எல்லாரும் போகும் வரை காத்திருந்தார். குரல் அன்றைக்கும் எழும்பவில்லை:

"குந்தினு காத்துகினு இருக்கறது வேறக்கா, குந்தினே காணாமப் போறது வேற. கண்ணு எங்கனா போவட்டும், காது மட்டும் கொழந்தைகிட்டயே இருக்கணும்."

சீனுவின் கேள்வி

பயிற்சியில் பிள்ளையின் வீட்டுக்கும் போய் வர வேண்டும். வர்ஷினியின் அப்பா சீனு, தேர்வாய் கண்டிகையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். டன் கணக்கில் பாரத்தை அலுங்காமல் தூக்கி வைக்கிற மனிதர், மகளுக்கு இட்லியை அதைவிடப் பதமாக ஊட்டினார். டப்பா திறப்பது, பிட்டு வைப்பது, வாய் துடைப்பது எல்லாம் அவர்தான். வர்ஷினியின் இரண்டு கைகளும் விருந்தாளி மாதிரி மடியில் சும்மா கிடந்தன. அவள் அம்மாவும் பக்கத்தில் நின்று அதைப் பூரிப்போடு பார்த்தாள்.

நான் என் பாடத்தை ஒப்பித்தேன். அவளே திறக்கட்டும், நீங்கள் பத்து எண்ணுங்கள் என்றேன். மனிதர் மரியாதைக்காக ஒத்துக்கொண்டு டப்பாவை மூடி அவள் முன்னால் வைத்தார். வர்ஷினியின் நகம் கிளிப்பில் பட்டு வழுக்கியது. மறுபடி வழுக்கியது. மூன்றாவது தடவை அவள் உதடு பிதுங்கியது. சீனு டப்பாவை வெடுக்கென்று இழுத்துத் திறந்துவிட்டார். மகள் முன்னால் கோபப்படக் கூடாது என்று என்னை வாசல் வரைக்கும் அழைத்துக்கொண்டு வந்து கேட்டார். அன்றைக்கும் ரயிலில் ஸ்டேஷனைத் தவறவிட்டேன், ஆனால் அது கொக்குகளால் அல்ல. அவர் கேட்டது இதுதான்:

"ஏம்மா, எம் பொண்ணு கஷ்டப்படறத சும்மா பாத்துகினு குந்தறதுக்கா உனுக்கு சர்டிபிகேட்டு தராங்க?"

புது டப்பா

பரீட்சைக்கு முந்தின வாரத்துக்குள் வர்ஷினி ஒரு கிளிப்பைத் தட்டித் தூக்கப் பழகியிருந்தாள். இரண்டாவது கிளிப் மட்டும் வரவே இல்லை. பரீட்சை அன்றைக்கு சீனு பர்மிஷன் போட்டுவிட்டு அவரே மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். உள்ளே வரக் கூடாது என்றதால் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றுகொண்டார். மேடம் பேனாவோடு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வர்ஷினியின் பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தேன். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. புத்தம் புது டப்பா. நாலு பக்கமும் நாலு கிளிப், இறுக்கமான மூடி. பரீட்சை நாளில் பிள்ளை பழைய டப்பாவோடு போகக் கூடாது என்று அப்பா ஆசை ஆசையாக வாங்கியிருக்கிறார். மூலையில் நின்ற தனம் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வர்ஷினி புது டப்பாவைத் தடவிப் பார்த்தாள். உள்ளங்கையால் தட்டித் தட்டி முதல் கிளிப்பைத் தூக்கிவிட்டாள். இரண்டாவது அசையவில்லை. டப்பாவை என் பக்கம் தள்ளினாள். பத்து எண்ணினேன், விரலால் காட்டினேன். மறுபடியும் தள்ளினாள். என் கை பரபரத்த பரபரப்பில், இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவள் அப்பாவின் கை கம்பிக்கு உள்ளே முழங்கை வரை வந்து, நடுவழியில் நின்று, திரும்பிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அவள் உதடு பிதுங்க ஆரம்பித்தது. அவ்வளவுதான், பஸ் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு லாரி போனது. வெளிச்சம் சுவரில் ஏறி, மீனைத் தாண்டி, கடிகாரத்தைத் தாண்டி நகர்ந்தது. நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். பிதுங்கிய உதடு அப்படியே சிரிப்பாக மாறியது. நான் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் என் கை போய்விடும் என்று பயம். காதை மட்டும் அவளிடம் விட்டு வைத்தேன். இரண்டாவது வெளிச்சம் வந்தது. நகம் பிளாஸ்டிக்கில் கீறுகிற சத்தம். மூன்றாவது வந்தது. ஹால் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல அமைதி. பெல்ட்டும் வெள்ளை ஆறும் ஞாபகம் வந்தன, ஆனால் இந்தத் தடவை நான் கரையில் இல்லை, இங்கேயே இருந்தேன். டக் என்று ஒரு சத்தம். எத்தனை லாரி போனதோ, இன்னொரு டக். திரும்பினேன். டப்பாவை வயிற்றுக்கும் மேஜை விளிம்புக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு, கடைசிக் கிளிப்பை மோவாயால் அழுத்திக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்காத வித்தை. மூடி எகிறிப் போய் மேடத்தின் காலடியில் விழுந்தது. பாதி எலுமிச்சை சாதம் தரையில், மீதி டப்பாவில். வர்ஷினி ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் யாரோ, அவள் யாரோ. எனக்கு அது கொஞ்சம் வலித்தது, அதைவிடப் பல மடங்கு இனித்தது.

மேடம் 'பொறுமை: மிக நன்று' என்று எழுதிவிட்டு, அவ்வளவு நேரம் என்ன உத்தியைக் கையாண்டீர்கள் என்று கேட்டார். அடுத்த லாரிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன் மேடம் என்று உண்மையைச் சொன்னேன். அவர் கிரேஸ் மிஸ்ஸைப் பார்த்தார், கிரேஸ் மிஸ் மின்விசிறியைப் பார்த்தார். நான் பாஸ். வெளியே ஓடினேன். சீனு அப்போதுதான் கம்பியிலிருந்து கையை எடுத்தார். இரண்டு உள்ளங்கையிலும் கம்பியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மிஸ்ஸு, நானுந்தான் அவ்ளோ நேரம் ஒண்ணுமே பண்ணாம நின்னுகினு இருந்தேன். எனுக்கும் ஒரு சர்டிபிகேட்டு தரச் சொல்லுங்க."

கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறாள் என்று ஒரு கம்பெனி கேட் வரைக்கும் வந்து வழியனுப்பிவைத்த அதே ஆளை, காது மட்டும் விழித்திருந்தால் போதும் என்று இன்னொரு இடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.